நிறம் போன மாப்பிள்ளைகள்

எங்கள் ஊரில் யார் வீட்டு வாசலில் ஜெபசெல்வியின் குரல் கேட்டாலும், உள்ளே இருப்பவர்கள் முதலில் ஓடுவது பின்பக்கத்துக்குத்தான். பழைய டயர், உடைந்த பக்கெட், பூந்தொட்டித் தட்டு என்று தண்ணீர் தேங்கி நிற்கும் எல்லாவற்றையும் அவசர அவசரமாகக் கவிழ்ப்பார்கள். அப்படியும் ஏதாவது ஒன்று அவள் கண்ணில் மாட்டிவிடும். என் வீட்டில் ஒருமுறை நாய்க்கு வைத்திருந்த கிண்ணத்தையே கவிழ்த்துவிட்டாள். நாய் என்னைப் பார்த்தது, நான் அவளைப் பார்த்தேன், அவள் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரத்தில் எங்கள் ஊர் வந்துவிடும். ஜெபசெல்வி இங்கே கொசு ஒழிப்புப் பணியாளர். தினக்கூலிதான். நாற்பத்து மூன்று வயது. கணவர் டேவிட்சன் அரக்கோணத்தில் எலெக்ட்ரிக் வேலை பார்க்கிறார், விடியலில் ரயிலேறிப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. மாமியார், பிள்ளை, ரேஷன், சர்ச், கொசு எல்லாம் ஜெபசெல்வியின் பொறுப்பு. நான் அவளுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறேன். அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டா என்றால், உண்டு. அவளைச் சந்தேகப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

அவள் வேலையை வேலை என்று சொல்வதைவிட வியாதி என்று சொல்லலாம். ஒரு கல்லறைத் திருநாளன்று எல்லாரும் மெழுகுவத்தி ஏற்றி, பூ வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறோம். இவள் மட்டும் ஒவ்வொரு கல்லறையாகப் போய்ப் பூச்சாடித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கிறாள். போதகருக்கே பொறுக்கவில்லை.

"ஏம்மா செல்வி, செத்தவங்களுக்குமா டெங்கு வரும்?"

"அவங்களுக்கு வராதுங்க ஐயா. அழ வந்தவங்களுக்கு வரும்."

போதகர் அடுத்த கல்லறைக்கு நகர்ந்துவிட்டார்.

கவிழ்க்க முடியாத தண்ணீரும் ஊரில் உண்டல்லவா? கிணறு, மாட்டுத் தொட்டி, சிமெண்ட் தொட்டி இவற்றுக்கெல்லாம் அவள் கையில் இருந்த மருந்து கப்பி மீன். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. கொசுப் புழுவைத் தின்றே வயிறு வளர்க்கிற ஜீவன். பெண் மீன் சாம்பல் நிறத்தில் வயிறு பெருத்து, பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆண் மீன்தான் அலங்காரம். வாலில் ஆரஞ்சு, இடுப்பில் நீலம், நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. பெண் மீனைக் கண்டால் வாலை விரித்து, உடம்பை வளைத்து நடுங்கி நடுங்கி ஆடும். ஜெபசெல்வி ஆண் மீனை மீன் என்றே சொல்ல மாட்டாள். மாப்பிள்ளை என்பாள். "உங்க தொட்டிக்கு நாலு பொண்ணு, ரெண்டு மாப்பிள்ளை விட்டிருக்கேன். மாசம் ஒரு பிரசவம் ஆவும், பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, மீன் அள்ளுகிற டீ வடிகட்டியை உதறிக்கொண்டு கிளம்புவாள்.

இந்த மீன்களெல்லாம் துணை சுகாதார நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் குட்டையில் இருந்தன. மூன்று தெருவின் கழிவுநீரும் அங்கேதான் போய்ச் சேரும். அதிலும் கப்பி செழித்துத்தான் கிடந்தது. ஆயிரக்கணக்கில் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அங்கே போய் மாப்பிள்ளைகளின் ஆட்டம் பார்ப்பார்கள்.

போன வருஷம் ஜூன் மாதம் ஜெபசெல்விக்கு ஒரு விஷயம் உறைத்தது. வடிகட்டியில் வருவதெல்லாம் பெண்ணாகவே இருந்தது. ஐம்பது மீன் பிடித்தால் ஒன்றோ இரண்டோதான் மாப்பிள்ளை. அதுவும் நிறம் மங்கி, யாரோ கட்டாயப்படுத்திக் கூட்டிவந்ததுபோல் ஒதுங்கி நின்றது. பாம்பு தின்றிருக்கும், கொக்கு கொத்தியிருக்கும், பளிச்சென்று இருப்பதைத்தானே கொக்கு கொத்தும் என்று அவளே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். மாப்பிள்ளைப் பஞ்சம் என்றால் வெளியூரில் பார்ப்பதுதானே வழக்கம்? இரண்டு வருஷத்துக்கு முன் இதே குட்டையிலிருந்து ராஜவேலுவின் தோட்டக் கிணற்றில் மீன் விட்டிருந்தாள். அங்கே போய் முப்பது மாப்பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஊர்ல பொண்ணுங்களுக்குப் பையன் கெடைக்கல, நீ மீனுக்குத் தேடிகினு அலையறே" என்றார் ராஜவேலு.

"உங்க பையனுக்கு வேணா சொல்லுங்க, பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்து முப்பதையும் குட்டையில் விட்டாள். ஆடி மாதம் வந்தபோது அந்த முப்பதையும் காணோம்.

இந்த இடத்தில் கௌரியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலத்தெருவில் இரண்டு எருமை, ஒரு பெரிய சிமெண்ட் தொட்டி, எட்டு ஊருக்குக் கேட்கும் குரல். அவள் தொட்டிக்கும் ஜெபசெல்வி மே மாதக் கடைசியில் மீன் விட்டிருந்தாள். மாசம் ஒரு பிரசவம் என்று சொன்னதை கௌரியம்மாள் எண்ணிக்கொண்டே இருந்தாள். ஜூன் போச்சு, ஜூலை போச்சு, ஒரு குஞ்சு இல்லை. விட்ட ஆறில் நாலு ஒவ்வொன்றாகச் செத்து, தொட்டியில் புழு நெளிய ஆரம்பித்தது.

ஆடிக் கிருத்திகைக்கு கௌரியம்மாள் திருத்தணிக்குக் காவடி எடுத்துப் போனாள். மலையடிவாரத்தில் பொம்மைக் கடை, வளையல் கடை வரிசையில் ஒரு மீன் கடை. பாலிதீன் கவரில் கலர் கலராக மீன் தொங்குகிறது. அதில் கப்பியும் இருக்கிறது, எல்லாம் ஆரஞ்சு வால் மாப்பிள்ளைகள். அந்தக் கடைக்காரனோடு கை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தது யார் என்றால், ஜெபசெல்வி. திருவிழாக் கூட்டத்துக்காகப் பக்கத்து ஊர்ப் பணியாளர்களையெல்லாம் அங்கே வேலைக்குப் போட்டிருந்தார்கள். கடைக்காரன் தண்ணீர் டிரம்மை மூடி வைக்கவில்லை என்று இவள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் தூரத்தில் நின்ற கௌரியம்மாளுக்குத் திட்டு கேட்கவில்லை, கை நீட்டியது மட்டும்தான் தெரிந்தது. அன்றைக்குத் திருத்தணியில் மொட்டைக்குப் பஞ்சமில்லை, கௌரியம்மாள் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

அவள் ஊர் திரும்பிய பஸ்ஸிலேயே சேதி பாதி ஊருக்குத் தெரிந்துவிட்டது. "கவருமெண்டு மீனை வித்துட்டா. கலர் மீனெல்லாம் கடைக்கு, நரைச்ச மீனெல்லாம் நமக்கு." ராஜவேலு கிணற்றிலிருந்து முப்பது கொண்டுவந்தாளே, அது எங்கே என்று இன்னொருத்தி கேட்டாள். நான் என்ன செய்தேன்? இருக்குமோ என்று தலையாட்டினேன். பத்து வருஷமாக என் வீட்டில் காப்பி குடித்தவளைப் பற்றி அப்படித் தலையாட்டினேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சுகாதார ஆய்வாளர் ஜம்புலிங்கம் வந்தார். நல்ல மனிதர், ஆனால் புகார் என்று ஒரு காகிதம் வந்துவிட்டால் தன் நிழலையே விசாரிப்பார். குட்டையில் வலை போட்டுப் பார்த்தார். நூற்றுப் பதினெட்டு மீன் வந்தது, நிறமுள்ளது ஒன்றுகூட இல்லை.

"ஏம்மா, ஆம்பள மீனெல்லாம் எங்க?"

"தெரியலைங்க சார்."

"தெரியலைன்னா எப்படிம்மா? நீதானே பார்த்துக்கறே."

"நானும் அதத்தான் சார் மூணு மாசமா யோசிச்சிகினு இருக்கேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஜம்புலிங்கம், பதில் சொல்ல முடியாவிட்டால் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கத்தான் வேண்டியிருக்கும் என்றார். வேலை போவதைக்கூட ஜெபசெல்வி பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று மாலை அவள் பிள்ளையிடம் இன்னொரு பையன், "உங்கம்மா மீன் திருடியாடா" என்று கேட்டுவிட்டான். அதுதான் அவளை உலுக்கியது. ராத்திரி சாப்பிடாமல் படுத்தவள், காலையில் எழுந்து நேரே ஜம்புலிங்கம் முன்னால் போய் நின்றாள்.

"சார், குட்டையில விட்டா காணாமப் போவுது. ராஜவேலு கிணத்துல அதே மீன் ஜம்முனு இருக்குது. அப்போ தண்ணியில தான் இன்னாவோ இருக்குது. ரெண்டு டிரம்மு வையுங்க. ஒண்ணுல குட்டைத் தண்ணி, ஒண்ணுல கிணத்துத் தண்ணி. கிணத்து மாப்பிள்ளைங்களை ரெண்டுலயும் விடுங்க. வலை கட்டி நீங்களே கையெழுத்துப் போட்டு ஒட்டுங்க. நான் தொடமாட்டேன்."

"எண்ணி விடறது யாரு?"

"கௌரியக்கா எண்ணட்டும்."

கௌரியம்மாள் எண்ணினாள். ஒவ்வொரு டிரம்மிலும் பத்து மாப்பிள்ளை, ஐந்து பெண். இரண்டு தடவை எண்ணி, மூன்றாவது தடவை கைநாட்டு வைக்கவா என்று கேட்டாள். ஜம்புலிங்கம் டிரம்களின் வாயை வலையால் கட்டி, காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, டேப் ஒட்டினார். டிரம்கள் பஞ்சாயத்து அலுவலக வராந்தாவில் ஒரு மாதம் இருந்தன. வலை வழியாகக் கொஞ்சம் தீனி போடும் வேலை காவல்காரருடையது.

அந்த ஒரு மாதமும் ஊருக்கு நல்ல பொழுதுபோக்கு. பால் வாங்கப் போகிறவன், ரேஷனுக்குப் போகிறவள், எல்லாரும் வராந்தாவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். முதல் வாரம் இரண்டு டிரம்மிலும் ஒரே ஆட்டம். இரண்டாவது வாரம் குட்டை டிரம்மில் ஆட்டம் குறைந்தது. மூன்றாவது வாரம் மாப்பிள்ளைகள் பெண் மீன் பக்கத்தில் போனால்கூட வாலை விரிக்கவில்லை, வழியில் பார்த்த தூரத்து உறவுபோல விலகிப் போனார்கள். மாதக் கடைசியில் டேப்பைக் கிழித்துப் பார்த்தால், பத்துக்குப் பத்தும் உயிரோடு இருக்கிறது. ஆனால் ஆரஞ்சு வால் துவைத்துத் துவைத்து வெளுத்த லுங்கிபோல் ஆகியிருந்தது. கிணற்று டிரம்மில் மாப்பிள்ளைகள் இன்னும் கல்யாணக் களையோடு குதித்துக்கொண்டிருந்தார்கள்.

மீன் யாரிடமும் போகவில்லை. அங்கேயேதான் இருந்திருக்கிறது, நமக்குத்தான் அடையாளம் தெரியவில்லை. கௌரியம்மாள் இரண்டு டிரம்மையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போனாள். அவள் பேசாமல் போனதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

ஜம்புலிங்கம் விடவில்லை. தண்ணீரையும் மீனையும் ஒரு மீன்வளக் கல்லூரிக்கு அனுப்பினார். அக்டோபரில் அங்கிருந்து தேவயானி என்று ஓர் ஆராய்ச்சி மாணவி முடிவோடு வந்தாள். பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம். நர்ஸ் வசந்தியும் வந்திருந்தாள். துணை சுகாதார நிலையத்துக்கு வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சின்னப் பெண்.

தேவயானி எங்களுக்குப் புரிகிறமாதிரிதான் சொன்னாள். "பெண்களோட உடம்புல இயற்கையாவே ஒரு சுரப்பு இருக்குங்க, ஈஸ்ட்ரோஜன்னு பேரு. அது தண்ணில கலந்தா ஆண் மீனோட உடம்பு குழம்பிப் போவும். நிறம் மங்கும், ஜோடி சேர நாட்டம் போயிடும். உங்க குட்டைல பிடிச்ச ஆண் மீனை அறுத்துப் பார்த்தோம். விந்துப் பையிலயே முட்டை உருவாக ஆரம்பிச்சிருக்கு. இப்படியே போனா அந்தக் குட்டைல அடுத்த தலைமுறையே இருக்காது."

"தண்ணில எப்படிம்மா கலக்கும்?" என்று ராஜவேலு கேட்டார்.

"நம்ம குளியலறை, கழிவறைத் தண்ணி வழியா கொஞ்சம் போவுது. மாட்டு மூத்திரத்துல கொஞ்சம், சில சோப்புத் தண்ணில அதுமாதிரி வேலை செய்யற சரக்கு கொஞ்சம். எல்லா ஊர்லயும் இப்படிச் சொட்டுச் சொட்டா சேருது, ஆத்துல ஏரில எல்லாம் இருக்கு. ஆனா உங்க குட்டைல இருக்கறது அந்தக் கணக்கே இல்ல. கருத்தடை மாத்திரைல போடறாங்களே, அந்த மருந்து ஏகத்துக்கு இருக்கு. யாரோ மொத்தமாக் கொட்டியிருக்காங்க."

ஜம்புலிங்கம் எழுந்து, ஜெபசெல்விமேல் எந்தத் தப்பும் இல்லை, புகாரை முடித்துவிட்டேன் என்றார். எல்லாரும் கை தட்டினோம். நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன். தட்டி முடிப்பதற்குள் ஒரு குரல் கேட்டது. "அப்போ மாத்திரை யார்கிட்ட இருக்குது? நர்சம்மாகிட்டதானே?"

கூட்டம் மொத்தமும் வசந்தி பக்கம் திரும்பியது. மே மாதம் காலாவதியான மாத்திரை இரண்டு பெட்டி இருந்தது, அதை வண்டியில் திருப்பி அனுப்பிவிட்டேன், ரிஜிஸ்டரில் கையெழுத்து இருக்கிறது என்று அவள் சொன்னாள். "கையெழுத்து யார் வேணா போடலாம்" என்றது இன்னொரு குரல். ஜம்புலிங்கம் மறுபடி பேனாவைத் திறந்தார். காகிதத்தின்மேல் வசந்தியின் பெயரை எழுத ஆரம்பித்தார்.

அப்போதுதான் ஜெபசெல்வி எழுந்தாள்.

"சார், எழுதாதீங்க. அது நான்தான்."

நடந்தது இதுதான். மே மாதம் கோடைமழையில் சுகாதார நிலையத்துக் கூரை ஒழுகி அந்த இரண்டு பெட்டிகளும் நனைந்துவிட்டன. வசந்தி, "அக்கா, இதைக் காயவெச்சுக் கட்டி வையுங்க, வியாழக்கிழமை வண்டி வரும்" என்று சொல்லிவிட்டுத் தடுப்பூசி போடப் போய்விட்டாள். ஜெபசெல்வி ஓர் அட்டையைக் கையில் எடுத்தாள். வேறு யாராக இருந்தாலும் அதில் மாத்திரையைத்தான் பார்த்திருப்பார்கள். இவள் பார்த்தது குழிகளை. ஓர் அட்டைக்கு இருபத்தெட்டு குழி, ஈரத்தில் தாள் விட்டுப்போன குழிக்குள் மழைத்தண்ணீர். கொசு முட்டையிட ஒரு ஸ்பூன் தண்ணீர் போதும் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவளுக்கு அது வேறு எப்படித் தெரியும்? மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு மாத்திரையாகப் பிதுக்கினாள். விரல் நுனி சிவந்துபோயிற்று. மாத்திரைகளைக் குட்டையில் கொட்டினாள். வெறும் அட்டைகளைத் துடைத்து, தட்டையாக மடித்து, பெட்டியில் அடுக்கி, சணல் போட்டுக் கட்டி வண்டியில் ஏற்றினாள். போன இடத்திலும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

"மாத்திரை கரைஞ்சு பூடும்னு நெனைச்சேன் சார். மனுசங்களுக்குக் குடுக்கறது, மீனை இன்னா பண்ணிடப்போவுதுன்னு நெனைச்சேன். இப்போ இந்தப் பொண்ணு சொல்லச் சொல்லத்தான் எனக்கே புரிஞ்சுது."

கை தட்டிய கையை எங்கே வைப்பது என்று எனக்கே புரியவில்லை. வசந்தி மட்டும் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஜம்புலிங்கம் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். கடைசியில் இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைப்பு என்று எழுதினார். எழுதிவிட்டு, "தெரியாமப் பண்ணிட்டம்மா" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

குட்டையைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். மாடு தண்ணீர் குடிக்கக் கூடாது, மீன் எடுக்கக் கூடாது. மருந்து வீரியம் குறைய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு, சேற்றில் இறங்கியது சீக்கிரம் போகாது, அடிக்கடி தண்ணீரைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாள் தேவயானி. குட்டை மீன் போன வீடுகளில் கிணற்று மீனை மாற்றி விடச் சொன்னாள். அந்த வேலையை யாரும் ஜெபசெல்விக்குக் கொடுக்கவில்லை. கூலியும் கிடையாது. ஆனாலும் மறுநாளே இரண்டு பக்கெட்டோடு கிளம்பிவிட்டாள். ஒன்றில் ராஜவேலு கிணற்று மீன், இன்னொன்று காலி. காலிப் பக்கெட்டை நான் தூக்கிக்கொண்டேன். என்னால் செய்ய முடிந்த பிராயச்சித்தம் அவ்வளவுதான்.

நாற்பத்தொரு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் அதே வாக்கியம். "நான் மாத்திரையைக் குட்டையில கொட்டிட்டேன், அதனால இந்த மீனு கெட்டுப்போச்சு, மாத்த வந்திருக்கேன்." சிலர் பரவாயில்லை என்றார்கள். சிலர் நன்றாகத் திட்டினார்கள். ஒரு பெரியவர், "பாயசத்துல உப்பு போட்டமாதிரி ஆச்சேம்மா" என்று சொல்லிவிட்டு மோர் கொடுத்தார். அவளுக்கு எல்லாம் ஒன்றுதான், கேட்டுக்கொண்டு வடிகட்டியை நீட்டினாள். பதினேழாவது வீட்டில் மட்டும் வெளியே வந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

கடைசி வீடு கௌரியம்மாளுடையது. வேண்டுமென்றே அதைக் கடைசியில் வைத்திருந்தாளா, தெரியாது. அந்தத் தொட்டியில் பழைய மீன் இரண்டுதான் பாக்கி. கொஞ்ச நாள் முன்னால் வேறு யாரோ குட்டையிலிருந்து பிடித்து விட்ட மீன்களும் சில இருந்தன. ஜெபசெல்வி தன் வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத் தொட்டிமேல் குனிந்தாள். கௌரியம்மாள் எருமைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன் செல்வி. அன்னிக்கு உம்மேல இருந்த பழி போய்டுச்சு. ஊரே கை தட்டிச்சு. நீ வாயை மூடிகினு குந்தியிருந்தா யாருக்குத் தெரியப்போவுது? அந்த அட்டையெல்லாம் எப்பவோ எரிச்சிருப்பாங்க."

"ஆங், யாருக்கும் தெரியாதுக்கா."

"பின்ன ஏன் சொன்னே?"

ஜெபசெல்வி நிமிரவில்லை. வடிகட்டியைத் தண்ணீருக்குள் மெதுவாக நகர்த்திக்கொண்டே சொன்னாள்.

"மூடிகினு இருந்திருந்தா, நீங்க என்னைத் திருடின்னு சொன்னது நெசமாப் பூட்டிருக்குமே."

கௌரியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தொட்டியின் அந்தப் பக்கம் போய், தண்ணீருக்குள் கையை விட்டு, மீன்களை ஒவ்வொன்றாக வடிகட்டி இருந்த பக்கமாக ஓட்டிவிட ஆரம்பித்தாள்.